மெல்லக் காத்துக்குப் பெரிய பாய்

போன வாரம் பீடோங்ல ஒரு கல்யாண விருந்து. பந்தியில எனக்குப் பக்கத்துல உட்கார்ந்த மாமா ஒருத்தர் கேட்டாரு.

"ஏம்மா, லங்காவிக்குப் போறவங்க சாக்லேட் வாங்கிட்டு வருவாங்க. நீ என்ன பாய்மரப் படகு ஓட்டிக்கிட்டுத் திரியறே? அதெல்லாம் காசு இருக்கறவன் வெளையாட்டும்மா. நம்மளுக்கு எதுக்கு?"

மாமா நல்ல மனுஷர். கெட்ட எண்ணத்துல கேக்கல. ஆனா அந்த "நம்மளுக்கு எதுக்கு" சுருக்குன்னு குத்திருச்சு. அங்கேயே பதில் சொன்னேன். பாயாசம் வர்றதுக்குள்ள எவ்வளவுதான் சொல்ல முடியும்? மிச்சத்தை இங்க எழுதறேன். நீளமாத்தான் போகும். டீ கலக்கி வச்சுக்கிட்டு உட்காருங்க.

முதல்ல எங்க படகைப் பத்திச் சொல்லிடறேன்.

பன்னிரண்டு அடிப் படகு. எஞ்சின் கிடையாது. ரெண்டு குடும்பம் சேர்ந்து ஒருத்தர்கிட்ட இருந்து பழசா வாங்கினது. ரெண்டு பேர் ஓட்டணும். நான் பின்னால சுக்கான் பிடிப்பேன். எங்க அண்ணன் மக முன்னால உட்கார்ந்து கயிறு பிடிப்பா (படிவம் மூணு படிக்கிறா, ஆள் ஒல்லி, பிடி உடும்பு).

படகுல மூணு பாய். நடுவுல பெரிய பாய். அதுக்கு முன்னால சின்னதா ஜிப். இந்த ரெண்டும் எப்பவும் ஏறியே இருக்கும். மூணாவது பாய், காத்து பின்னால இருந்து வரும்போது மட்டும் வெளிய வரும். மெலிசான நைலான் துணி, நல்ல பளிச்சுன்னு கலர், மத்த ரெண்டு பாயையும் சேர்த்துப் போட்டாலும் அதுக்கு முன்னால சின்னதாத் தெரியும். அதுதான் ஸ்பின்னேக்கர். படகுக்காரங்க பேச்சுல "கைட்".

எங்களோடது அசிமெட்ரிக்கல் ஸ்பின்னேக்கர், சுருக்கமா "அசிம்". அதாவது ரெண்டு ஓரமும் ஒரே அளவு இல்ல. முன் ஓரம் நீளம், பின் ஓரம் குட்டை. படகு மூக்குல இருந்து ஒரு கம்பு வெளிய நீளும். பாயோட கீழ் முனை அந்தக் கம்பு நுனியில. தலை, மாஸ்ட் உயரத்துல. மூணாவது மூலையில ரெண்டு கயிறு, இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. ஒரு நேரத்துல ஒண்ணுதான் வேலை செய்யும்.

அவ்வளவுதான் சாமான். ஆனா இது செய்யற வேலை இருக்கே!

நம்ம மலாக்கா நீரிணையில காத்து பெரும்பாலும் மெல்லிசு. படத்துல பாக்கற மாதிரி அலை எகிறி நுரை பறக்கற கடல் இல்ல இது. லங்காவியில பல நாள் மதியத்துல ஆறு நாட், ஏழு நாட் காத்துதான் கிடைக்கும் (ஆறு நாட்னா மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர்).

இப்ப ஒரு கணக்கு.

காத்து நேரா முதுகுக்குப் பின்னால இருந்து ஆறு நாட்ல வருது. படகு அதே திசையில மூணு நாட்ல ஓடுது. அப்ப பாய்க்குக் கிடைக்கற காத்து எவ்வளவு?

மூணுதான்!

படகு வேகமாப் போகப் போக, பாய்க்குக் கிடைக்கற காத்து குறையுது. வெயில் மண்டையில இறங்குது. மூஞ்சியில ஒரு பொட்டுக் காத்து இல்ல. பெரிய பாய் தொங்கிக்கிட்டு அசையுது. கரை தெரியுது, கிட்டவே வர மாட்டேங்குது.

இங்கதான் அசிம் கைகொடுக்குது. இந்தப் பாயை வச்சுக்கிட்டு நேராப் போகக்கூடாது. ஒரு பக்கமா விலகிப் போகணும். அப்படிப் போகும்போது பின்னால இருந்து வர்ற காத்தோட, படகு ஓடறதால முன்னால இருந்து வர்ற காத்தும் சேருது. ரெண்டும் சேர்ந்து பக்கவாட்டுல இருந்து அடிக்கிற மாதிரி ஆயிடும். பாய் அதை வாங்குது, படகு வேகம் எடுக்குது. வேகம் எடுத்ததும் அந்தச் சேர்ந்த காத்து இன்னும் கூடுது. திரும்ப வேகம். கன்னத்துல காத்து படறப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுடும்.

"வளைஞ்சு வளைஞ்சு போனா தூரம் கூடுமே?"ன்னு கேப்பீங்க. கூடும். நேர்க்கோட்டுல இருந்து 30 டிகிரி விலகிப் போனா ஒரு கிலோமீட்டர் சுமார் 1.15 கிலோமீட்டர் ஆகும். 40 டிகிரி விலகினா சுமார் 1.3. வேகம் அதுக்கு மேல கூடிருச்சுன்னா லாபம். கூடலன்னா கொஞ்சம் நேராக்கிக்கணும். எந்த டிகிரின்னு எந்தப் புத்தகமும் உங்க படகுக்குச் சொல்லாது. அன்னைக்குக் காத்து, உங்க எடை, தண்ணி ஓட்டம் எல்லாம் பார்த்து நீங்களே கண்டுபிடிக்கணும். நான் இதுல மயங்கிக் கெடக்கறதுக்குக் காரணமே இந்தக் கண்டுபிடிக்கற வேலைதான்.

கொஞ்சம் பழங்கதை சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

பழைய ஸ்பின்னேக்கர் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதுக்கு மாஸ்ட்ல மாட்டற ஒரு கம்பு உண்டு. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அந்தக் கம்பை ஒருத்தர் கழட்டி மறு பக்கம் மாட்டணும். ஆடற படகுல, ரெண்டு கையும் தலைக்கு மேல. பெரிய படகுல அதுக்குன்னு ஆள் இருக்கும். குட்டிப் படகுல?

1980கள்ல சிட்னியில 18 அடி ஸ்கிஃப் ஓட்டறவங்க வேற வழிக்கு வந்தாங்க. கம்பை மூக்குலயே நீட்டி, பாயை அதுல நிரந்தரமா மாட்டிட்டாங்க. அந்தக் கூட்டத்துல முக்கியமான ஆள் ஜூலியன் பெத்வெய்ட். அவர் வரைஞ்ச ஃபார்ட்டி-நைனர் படகு 2000 சிட்னி ஒலிம்பிக்ல சேர்ந்துச்சு. நீளம் 4.99 மீட்டர். மத்த ரெண்டு பாயும் சேர்ந்து 21 சதுர மீட்டர் சொச்சம், ஸ்பின்னேக்கர் மட்டும் 38! அதுக்குத் தம்பி மாதிரி ட்வென்ட்டி-நைனர், இளசுங்களுக்கு.

இந்த மாற்றத்தோட பலன் என்ன தெரியுமா? திரும்பும்போது ஒரு கயிறை விட்டு இன்னொரு கயிறை இழுத்தாப் போதும். தோள் பலம் பெரிசா வேண்டாம், முன்னால ஏறி நிக்க வேண்டாம். பதினஞ்சு வயசுப் பொண்ணு உட்கார்ந்த இடத்துல இருந்தே செய்யலாம். மெல்லக் காத்துல எடை குறைஞ்சவங்களுக்குத்தான் படகு சீக்கிரம் வேகம் எடுக்கும்.

மாமாவுக்கு நான் முதல்ல சொன்ன பதில் இதுதான். காசு இருந்தா புதுப் பாய் வாங்கலாம். விரல்ல வர்ற பக்குவத்தை எந்தக் கடையிலயும் வாங்க முடியாது.

அந்தப் பக்குவம் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்.

கயிறை இறுக்கிப் பிடிக்கணுமா, தளர்த்தணுமா? ரெண்டையும் செஞ்சு பார்த்தோம். இறுக்கினா பாய் அழகா நிக்கும், போட்டோவுக்கு நல்லா இருக்கும். ஆனா படகு சாயும், ஓடாது. ரொம்பத் தளர்த்தினா பாய் மடிஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். சரியான இடம் ரெண்டுக்கும் நடுவுல, அதுவும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பாயோட முன் ஓரத்தையே பாத்துக்கிட்டு இருக்கணும். மேல் பாதியில, ஒரு கையகலத்துக்குத் துணி மெதுவா உள்பக்கம் சுருளும். சுருண்ட இடத்துல கலர் ஒரு நொடி இருண்டு போகும். உடனே கயிறை ஒரு சாண் இழுத்தா நிமிரும். நிமிர்ந்ததும் திரும்ப விடணும், அடுத்த சுருள் வர்ற வரைக்கும். விடு, சுருளுதா, இழு. விடு, சுருளுதா, இழு. ஓயவே கூடாது. நெல் அறுத்த வயல்ல சின்னப் பிள்ளைங்க வாவ் பட்டம் விடும்போது நூல் விரல்ல பேசுமே, அதே பேச்சுதான் இந்தக் கயிறுலயும்.

எங்க மருமகப் பொண்ணு இதுல கெட்டிக்காரி. பாயை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டா. ஆனா வாய் ஓடிக்கிட்டே இருக்கும்.

"அத்தை, பலம் இருக்கு."

"இருக்கு, இருக்கு."

"அத்தை, குறையுது!"

கயிறுல இழுவை இருக்கா இல்லையான்னு அவ கைக்குத்தான் தெரியும். சுக்கான் என் கையில. அவ சொல்றதை வச்சுத்தான் நான் திருப்பணும். பலம் இருந்தா காத்து போற திசைப் பக்கமா இறக்கி ஓட்டுவேன், போக வேண்டிய இடம் சீக்கிரம் வரும். குறைஞ்சா காத்து வர்ற பக்கமா ஏத்தி வேகம் சேப்பேன். இப்படி ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கி ஒரு பாம்பு வழி. ரெண்டு பேர்ல ஒருத்தர் மௌனமாயிட்டாப் போச்சு, படகு நின்னுடும். வீட்டுல சாதாரணமா "ம்"னு மட்டும் பதில் சொல்ற பொண்ணு, படகுல ரேடியோ மாதிரி பேசறா. அண்ணி இதுக்காகவே என்னை அனுப்பி வைக்கறாங்க!

முக்கியமா ஒண்ணு. மத்த நேரத்துல பலத்த காத்து வந்தா படகை காத்துக்கு எதிர்ப்பக்கமாத் திருப்பினா பாய் தளர்ந்து படகு நிமிரும். அது கைக்குப் பழகிப் போயிருக்கும். கைட் விரிச்சிருக்கும்போது இது தலைகீழ். எதிர்ப்பக்கம் திருப்பினா இன்னும் சாஞ்சு கவிழ்ந்துடும். காத்து வந்தா இறக்கணும், காத்தோடயே போகணும். இந்த ஒரு பழக்கத்தை மாத்தறதுக்குத்தான் ரொம்ப நாள் பிடிக்கும். கத்துக்கப் போறவங்க இதை மட்டுமாவது மனசுல வச்சுக்கோங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

பாயை ஏத்தறதும் இறக்கறதும் தண்ணியில கத்துக்கறது கஷ்டம். அதனால தரையிலேயே பழகினோம். எங்க சொந்தக்காரங்க இன்னும் இருக்கற ஒரு தோட்டம், சுங்கை பட்டாணிக்கு வெளிய. லயத்துக்கு முன்னால ஒரு பந்து திடல். சுத்தி முன்ன பால்மரம், இப்ப செம்பனை. படகை டிரெய்லரோட கொண்டு போய், காத்து பின்னால இருந்து வர்ற மாதிரி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வச்சு, டிரெய்லரோட நல்லா கட்டி, மெல்லக் காத்துல பாயை ஏத்தினோம்.

தோட்டத்து நடுவுல, கடலே கண்ணுக்குத் தெரியாத இடத்துல, அவ்வளவு பெரிய சிவப்புப் பாய் டப்புன்னு விரிஞ்சா எப்படி இருக்கும்? பந்து ஆடிக்கிட்டு இருந்த பயலுங்க அத்தனை பேரும் ஓடி வந்துட்டானுங்க.

"அக்கா, இது பறக்குமா?"

"மோட்டர் எங்கக்கா?"

"நான் பிடிச்சுப் பாக்கட்டா?"

ஆளுக்கு ஒரு முறை கயிறைக் கையில குடுத்தோம். ஒரு சின்னப் பையன், பத்து வயசு இருக்கும், யாரும் சொல்லிக் குடுக்காமலேயே முன் ஓரம் சுருள்றதைப் பார்த்து இழுத்தான். விட்டான். திரும்ப இழுத்தான். நாங்க எத்தனையோ நாள் பாடுபட்டுப் பிடிச்சதை அவன் கண்ணு சட்டுன்னு பிடிச்சுருச்சு. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

தரையில பழகினதுல தெரிஞ்சுக்கிட்டது:

ஏத்தறதுக்கு முன்னாடி மூணு மூலையையும் தொட்டுப் பாக்கணும். முறுக்கு இருக்கக்கூடாது. கயிறுங்க மாஸ்ட் கம்பிகளுக்கு வெளிப்பக்கமா வரணும்.

ஏத்தும்போது படகைக் காத்தோட இறக்கி ஓட்டணும். அப்ப பெரிய பாயோட மறைவுல கைட் அமைதியா ஏறும்.

ஏத்த ஆரம்பிச்சா நிறுத்தக்கூடாது. பாதியில நின்னா பாய் நடுவுல முறுக்கிக்கும்.

இறக்கும்போதும் அதே மறைவு. ஏத்துற கயிறை ஒரேயடியா விட்டா பாய் தண்ணியில விழுந்து படகுக்கு அடியில போயிடும். ஒருத்தர் விட, ஒருத்தர் அள்ள, ரெண்டும் ஒரே தாளத்துல நடக்கணும்.

"கவிழ்ந்துடாதா?"ன்னு கேக்கறவங்களுக்கு: கவிழும். சின்னப் படகுன்னா கவிழத்தான் செய்யும், அதுவும் விளையாட்டுல ஒரு பகுதி. உயிர்ச்சட்டை இல்லாம யாரும் ஏற மாட்டாங்க. கவிழ்ந்தா முதல்ல கைட்டை இறக்கிப் பையில சேர்க்கணும், ஏன்னா தண்ணி ரொம்பின பாய் படகை நிமிர விடாது. அப்புறம் அடியில நீட்டிக்கிட்டு இருக்கற பலகையில ஏறி நின்னு சாஞ்சா படகு எழுந்துக்கும். எங்க பொண்ணு இப்ப இதை அலட்டிக்காம செய்யறா.

சரி, "நம்மளுக்கு எதுக்கு"க்கு வர்றேன்.

சென்னையைப் பாருங்க. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுல ட்வென்ட்டி-நைனர் படகுல வெண்கலம் வாங்கினவங்க வர்ஷா கௌதமும் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனும். நாலு வருஷம் கழிச்சு, 2018-ல, வர்ஷா ஸ்வேதா ஷெர்வேகரோட சேர்ந்து ஃபார்ட்டி-நைனர் எஃப்எக்ஸ்ல வெள்ளி வாங்கினாங்க. அதே போட்டியில ஆண்கள் ஃபார்ட்டி-நைனர்ல வருண் தக்கரும் கணபதியும் வெண்கலம். இந்த ஜோடியும் சென்னையில பழகினவங்கதான். 2021-ல டோக்கியோ ஒலிம்பிக் வரைக்கும் போனாங்க. எல்லாமே அசிம் ஸ்பின்னேக்கர் கட்டின படகுங்க. மெட்ராஸ் ஹார்பர்ல ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல இருந்து இருக்கு. வெள்ளைக்காரன் தொடங்கினதுதான். இன்னைக்கு அங்க கயிறு பிடிக்கறது யாரு?

நம்மளுக்கு லங்காவி வேற நாட்டுல இல்லியே, கெடாவுலதானே இருக்கு! 1990-ல தொடங்கின ராஜா மூடா சிலாங்கூர் பந்தயம் போர்ட் கிள்ளான்ல இருந்து புறப்பட்டு லங்காவியில முடியும். 2015 டிசம்பர் கடைசியில உலக இளையோர் பாய்மரப் போட்டி லங்காவியில நடந்துச்சு, ட்வென்ட்டி-நைனரும் அதுல உண்டு. 2017 சீ விளையாட்டுப் போட்டியோட பாய்மரப் பந்தயமும் லங்காவியிலதான். உலகமே நம்ம வாசலுக்கு வந்து ஓட்டிட்டுப் போகுது. நாம கழுகு சிலைக்கு முன்னால போட்டோ எடுத்துட்டு ஃபெர்ரி ஏறிடறோம்.

கோலக்கெடாவுல இருந்து அந்த ஃபெர்ரியில போகும்போது, வானம் தெளிவா இருந்தா தெற்கே திரும்பிப் பாருங்க. ஜெராய் மலை நிக்கும், 1,217 மீட்டர். பூஜாங் பள்ளத்தாக்குக்கு வந்த பாய்மரக் கப்பலுக்கெல்லாம் அதுதான் அடையாளம். 1025-ல ராஜேந்திர சோழன் படை கடாரத்துக்கு வந்ததும் பாய் விரிச்சுத்தான். அரசர் கதையை விடுங்க. எங்க தாத்தா ரஜுலா கப்பல்ல பினாங்குக்கு வந்து இறங்கினவரு. இறங்கினதும் லாரியில ஏத்தித் தோட்டத்துக்குக் கொண்டு போனாங்க. அதுக்கப்புறம் அவரு கடலைப் பார்த்ததே ரொம்ப அபூர்வம். கடல் தாண்டி வந்த குடும்பம், கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மூணு தலைமுறை வாழ்ந்துட்டோம். யாரையும் குத்தம் சொல்றதுக்காக இதை எழுதல. காலையில இருட்டுல பால்மரம் வெட்டப் போறவங்களுக்கு கடலுக்குப் போக ஏது நேரம்?

ஆனா இப்ப நமக்கு நேரம் இருக்கு. ரோடு இருக்கு. பயம் மட்டும் தாத்தா காலத்துல இருந்து அப்படியே வந்துக்கிட்டு இருக்கு. "தண்ணி பக்கம் போகாதே"ன்னு சொல்லியே பிள்ளைங்களை வளக்கறோம். தண்ணி பக்கம் போகாத பிள்ளைக்கு நீச்சல் எப்படி வரும்? நீச்சல் தெரியாத பிள்ளைதான் ஆத்துல, குட்டையில, நீர்வீழ்ச்சியில போகுது. அந்தச் செய்தியைப் படிக்கற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும்.

அதனால என் கோரிக்கை இதுதான்.

முதல்ல நீச்சல். பொண்ணு, பையன் பாகுபாடு வேண்டாம்.

அப்புறம், தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கங்களும் கோயில் இளைஞர் குழுக்களும் லங்காவிக்குச் சுத்துலா போடறீங்கல்ல, அதுல ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்க. அங்க இருக்கற படகு கிளப்ல முன்கூட்டியே பேசி, உயிர்ச்சட்டை மாட்டி, பயிற்சி குடுக்கறவங்களோட பிள்ளைங்களைப் படகுல ஏத்துங்க. டிசம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள போங்க. மழை குறைச்சல், வடகிழக்குக் காத்து ஒழுங்கா வரும், தீவு மறைவுல தண்ணி தட்டையா இருக்கும். ஏப்ரலுக்கு அப்புறம் விடியக்காலையில "சுமத்ரா"ங்கற சூறைக்காத்து அடிக்கும், மேகம் கறுத்து வந்தா அரை மணி நேரத்துல கடலே மாறிடும். அப்ப புதுசா வர்றவங்க கரையில இருக்கறதுதான் நல்லது.

முதல் நாளே கைட் கேக்காதீங்க. ரெண்டு பாயோட பழகட்டும், கவிழ்ந்து எழுந்திரிக்கட்டும். அதுக்கப்புறம் அந்தப் பெரிய பாயோட கயிறை ஒருமுறை கையில குடுத்துப் பாருங்க.

தோட்டத்துத் திடல்ல பார்த்த பையனோட அம்மாகிட்ட நான் பேசிட்டேன். சுங்கை பட்டாணி நீச்சல் குளத்துல அவனைச் சேர்க்கறதுக்குச் சம்மதிச்சுட்டாங்க. நீச்சல் வந்ததும் அவனும் எங்க படகுல ஒரு ஆள். மாமாவையும் கூப்பிட்டிருக்கேன். வர்றேன்னு சொல்லியிருக்காரு, உயிர்ச்சட்டை எக்ஸ்எல் சைஸ்ல இருக்கான்னு மட்டும் கேட்டாரு.

இருக்கு மாமா, வாங்க.